ஆன்டிபாடி உண்மையில் எதைப் பார்க்கிறது? ஈ-கேட்ஹெரினை வைத்து ஓர் எளிய விளக்கம்

“இந்தச் செல்களில் ஈ-கேட்ஹெரின் இல்லை, ஆன்டிபாடி போட்டுப் பார்த்துவிட்டோம்.” உயிரியல் ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒட்டினால் புரதம் இருக்கிறது, ஒட்டாவிட்டால் இல்லை என்று சுருக்கமாகப் பேசிப் பழகிவிட்டோம். ஆய்வேடுகளிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் பல அனுமானங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் முடிவு தலைகீழாகிவிடும். மாணவர்களின் மாதக்கணக்கான உழைப்பு வீணாவதும், திசுப் பரிசோதனை தவறாகப் படிக்கப்படுவதும் இதனால் நடக்கக்கூடியவை. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி அளவு உயிரியல் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு ஆன்டிபாடி என்றாலே தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இங்கே பேசப்போவது அதே வகை மூலக்கூறைத்தான், ஆனால் அதன் வேலை வேறு. சின்னக் குப்பியில், ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்போடு விற்கப்படும் ஆன்டிபாடி இது. யாருக்கும் ஊசியாகப் போடுவதற்கானது அல்ல. ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க உதவும் கருவி.

முதலில் அந்தப் புரதம்

தோல், குடலின் உட்பரப்பு, மார்பகத்தின் பால் நாளங்கள் ஆகிய இடங்களில் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு படலமாக நிற்கின்றன. இப்படிப்பட்ட செல்களுக்கு எபிதீலியல் செல்கள் என்று பெயர். அவை பற்றிக்கொள்ளப் பயன்படும் புரதங்களில் தலையாயது ஈ-கேட்ஹெரின்.

இந்தப் புரதம் செல்லின் உறையை ஊடுருவி நிற்கிறது. வெளியே நீட்டியிருக்கும் பகுதியில் ஐந்து கண்ணிகள் உண்டு. நுனிக் கண்ணி பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினோடு கோத்துக்கொள்கிறது. கண்ணிகளுக்கு இடையே கால்சியம் அமர்ந்திருக்கும்வரை அந்தப் பகுதி விறைப்பாக இருக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் தளர்ந்துபோகும், பிடியும் விட்டுப்போகும். செல்லுக்கு உள்ளே ஒரு குட்டை வால் இருக்கிறது. அது கேட்டனின்கள் என்ற புரதங்கள் வழியாக செல்லின் உள் இழைகளோடு இணைந்திருக்கிறது.

இந்தக் கால்சிய விஷயம் தெரியவந்த விதம் பின்னால் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மசாதோஷி தாகெய்ச்சி 1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள கார்னகி ஆய்வகத்துக்குப் போனார். திசுவிலிருந்து செல்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியைப் பயன்படுத்துவார்கள். கியோட்டோவில் அப்படிப் பிரித்த செல்கள் சீக்கிரமே மறுபடி ஒட்டிக்கொண்டன. பால்டிமோரில் ஒட்டவில்லை. வித்தியாசம் டிரிப்சின் கரைசலில் இருந்தது. பால்டிமோர் கரைசலில் ஈடிடிஏ என்ற, கால்சியத்தைப் பிடித்து அகற்றும் வேதிப்பொருள் கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் டிரிப்சினால் அந்த ஒட்டும் புரதத்தை வெட்ட முடியவில்லை. கால்சியம் போய்விட்டால் வெட்டித் தள்ளிவிட்டது. இரண்டு ஊர்க் கரைசல்களுக்கு இடையிலான இந்தச் சின்ன வேறுபாட்டைத் துரத்திப் போய்த்தான் கால்சியம் சார்ந்த ஒட்டுமுறை ஒன்று தனியாக இருக்கிறது என்று அவர் காட்டினார். கேட்ஹெரின் என்ற பெயரை 1984-இல் அவரது குழுவே வைத்தது.

ஈ-கேட்ஹெரின் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வகை வயிற்றுப் புற்றுநோய்க்கு, இந்தப் புரதத்துக்கான சிடிஎச்1 மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 1998-இல் கண்டறிந்தார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். ஈ-கேட்ஹெரின் செல்களை ஒட்டவைக்கும் புரதம், அதற்கு வெளிப்பகுதி ஒன்றும் உள்வால் ஒன்றும் உண்டு, அதன் உருவம் கால்சியத்தைப் பொறுத்தது.

ஆன்டிபாடி பார்ப்பது ஒரு மச்சத்தை

பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்பதுபோல எழுதியிருப்பார்கள். அந்த மச்சத்தை மட்டும் வைத்து ஓர் ஆளைத் தேடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, மச்சம்தான் கையில் இருக்கும் ஒரே தகவல். அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் எதிரிலேயே நின்றாலும் நமக்குத் தெரியாது. அதே இடத்தில் மச்சம் உள்ள வேறொருவர் வந்தால் அவரைப் பிடித்துக்கொள்வோம்.

ஆன்டிபாடியின் நிலையும் அதுதான். அது கவட்டை வடிவில் உள்ள ஒரு புரதம். அதன் இரண்டு கிளை நுனிகளும் இலக்குப் புரதத்தின் மேல் உள்ள ஒரு சிறு இடத்தில் பொருந்தும். அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். ஈ-கேட்ஹெரின் எழுநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. எபிடோப் என்பது அதில் ஒரு சிறு கைப்பிடி அமினோ அமிலங்கள் சேர்ந்த இடம். மற்ற பகுதிகளைப் பற்றி அந்த ஆன்டிபாடிக்கு எதுவும் தெரியாது. புரதம் முழுதாக இருக்கிறதா, துண்டாகிவிட்டதா, வேலை செய்கிறதா என்பதையும் அது சொல்லாது.

எபிடோப் இரண்டு விதமாக அமையலாம். அடுத்தடுத்து வரும் அமினோ அமிலங்களால் ஆனது நேர் எபிடோப். சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் அமினோ அமிலங்கள், புரதம் மடியும்போது பக்கத்தில் வந்து சேர்ந்து உருவாவது உருவ எபிடோப். இரண்டாவது வகையில், புரதத்தை விரித்துவிட்டால் எபிடோப்பே கலைந்துபோகும். இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் ஆய்வகத்தில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

எப்படித் தயாரிக்கிறார்கள்

முயலுக்கோ எலிக்கோ அந்தப் புரதத்தையோ அதன் ஒரு துண்டையோ செலுத்துவார்கள். விலங்கின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு ஆன்டிபாடிகளை உண்டாக்கும். ரத்தத்திலிருந்து அப்படியே பிரித்தெடுத்தால் பல எபிடோப்களைப் பிடிக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை கிடைக்கும். இது பாலிகுளோனல். இன்னொரு விலங்கிலிருந்து எடுத்தால் கலவை கொஞ்சம் மாறியிருக்கும்.

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் வேறு வழி கண்டார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லையும், சாகாமல் பெருகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். இணைந்த செல் பெருகிக்கொண்டே, ஒரே எபிடோப்பைப் பிடிக்கும் ஒரே ஆன்டிபாடியைச் சுரந்தது. இது மோனோகுளோனல். அவர்களுக்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு மோனோகுளோனலுக்கும், அதைச் சுரக்கும் செல் வழியைக் குறிக்கும் ஒரு குளோன் பெயர் உண்டு. மனித ஈ-கேட்ஹெரினுக்கு எச்இசிடி-1, எலியின் ஈ-கேட்ஹெரினுக்கு ஈசிசிடி-2, உள்வாலைப் பிடிக்கும் ‘குளோன் 36’ ஆகியவை இத்துறையில் பழகிய பெயர்கள். விற்பனை அட்டவணையில் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் குளோன் பெயரைப் பார்ப்பது நல்லது. வேறு வேறு நிறுவனங்கள் ஒரே குளோனை விற்பதுண்டு.

புரதத்தைக் கண்டுபிடித்ததே ஆன்டிபாடிகள்தான்

புரதம் முதலில் தெரிந்தது, அப்புறம் அதைப் பிடிக்க ஆன்டிபாடி செய்தார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஈ-கேட்ஹெரினில் நடந்தது நேர் எதிர்.

எலியின் கரு எட்டுச் செல் நிலையில் இருக்கும்போது, தளர்வாக இருந்த செல்கள் சட்டென இறுகி ஒரே உருண்டையாகும். 1977-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ரோல்ஃப் கெம்லரும் பிரான்சுவா ஜாகோபும் அவர்கள் குழுவினரும், கருவை ஒத்த ஒரு வகைப் புற்றுச் செல்லுக்கு எதிராக முயலில் ஆன்டிபாடி உண்டாக்கி, அதன் துண்டுகளைக் கருவோடு சேர்த்தார்கள். கரு இறுகவில்லை. ஆன்டிபாடியை அகற்றியதும் இறுகியது. அந்த ஆன்டிபாடி எதைப் பிடித்திருக்கிறது என்று தேடியபோது ஒரு புரதம் கிடைத்தது. அதற்கு உவோமொருலின் என்று பெயர் வைத்தார்கள். கோழிக் கருவில் தேடியவர்களுக்கு எல்-கேம் கிடைத்தது. மனித மார்பகப் புற்றுச் செல்களில் தேடியவர்கள் தங்களுடையதை செல்-கேம் 120/80 என்றார்கள். கியோட்டோக் குழு கேட்ஹெரின் என்றது. ஒவ்வொரு குழுவும் தன் ஆன்டிபாடி காட்டியதற்கு ஒரு பெயர் வைத்தது. கடைசியில் எல்லாம் வெவ்வேறு விலங்குகளில் உள்ள ஒரே புரதம் என்று தெரிந்தது.

இந்த வரலாற்றில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. சில ஆன்டிபாடிகள் புரதத்தைக் காட்டுவதோடு நிற்காமல் அதன் வேலையையும் தடுத்துவிடும். எச்இசிடி-1 அப்படிப்பட்டது. உயிரோடு இருக்கும் செல்களின் மேல் அதை நிறைய ஊற்றி வைத்துவிட்டு, செல்கள் பிரிகின்றனவே என்று வியந்தால், நாம் பார்ப்பது ஆன்டிபாடியின் விளைவாக இருக்கலாம். வோல்ட்மீட்டர் மாதிரி, எதையும் மாற்றாமல் அளந்துவிட்டு நகரும் கருவி என்று எல்லா ஆன்டிபாடியையும் எண்ணிவிடக் கூடாது.

ஒரே புரதம், வேறு வேறு கோலம்

“விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடி ஒரு சோதனையில் நன்றாக வேலை செய்தது, இன்னொன்றில் ஒன்றுமே வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?” புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சோதனையிலும் புரதம் வேறு கோலத்தில் இருப்பதுதான் காரணம்.

வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். செல்களைக் கரைத்து, எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருளோடு சூடாக்கி, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றிய பிறகு ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். அதற்குள் புரதம் மடிப்பு கலைந்து விரிந்துவிட்டது. நேர் எபிடோப் என்றால் இப்போதுதான் நன்றாக வெளியே தெரியும். உருவ எபிடோப் என்றால் காணாமல் போயிருக்கும்.

இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற ஒளிர்முறையில் செல் கண்ணாடியின் மேல் அப்படியே இருக்கும், புரதமும் ஏறக்குறைய தன் இயல்பு வடிவத்தில் இருக்கும். எபிதீலியல் செல்களில் ஈ-கேட்ஹெரின் செல்களின் எல்லைக் கோடுகளில் தேன்கூட்டு வலையாகத் தெரியும். உள்வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால் செல் உறையில் முதலில் துளையிட வேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளே போகவே முடியாது.

மருத்துவமனைத் திசு வேறு மாதிரி. ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்திருப்பார்கள். ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்துவிடுவதால் எபிடோப் மூடப்பட்டுவிடும். சான்றிதழ் உவமையில் சொன்ன முழுக்கைச் சட்டை இதுதான். 1991-இல் வெளியான ஒரு முறைப்படி திசுச் சீவலைக் கரைசலில் வைத்துச் சூடாக்கினால் பல எபிடோப்கள் மீண்டும் வெளிப்படும். இன்று நோய்க்கூற்று ஆய்வகங்களில் இது அன்றாட வேலை.

இப்போது தாகெய்ச்சியின் டிரிப்சினுக்குத் திரும்ப வருவோம். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்கு செல்களைத் தனித்தனியாக்க வேண்டும். கையில் கிடைப்பது பெரும்பாலும் டிரிப்சினும் ஈடிடிஏவும் கலந்த கரைசல். அதை ஊற்றிப் பிரித்த செல்களில் ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி எதையும் காணாது. “இந்தச் செல்களில் ஈ-கேட்ஹெரின் இல்லை” என்று எழுதிவிடுவோம். இருந்ததை வெட்டியது நாம்தான். டிரிப்சினைத் தவிர்த்து வேறு மென்மையான முறையில் பிரித்தாலோ, கால்சியம் சேர்த்த டிரிப்சினைப் பயன்படுத்தினாலோ இந்தத் தவறு நேராது.

ஆன்டிபாடி ஒட்டியது நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். முதல் ஆன்டிபாடி எலியிலிருந்து வந்தது என்றால், எலி ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஆட்டில் உண்டாக்கி, அதில் ஒளிரும் சாயத்தையோ நிறம் தரும் நொதியையோ இணைத்திருப்பார்கள். இது இரண்டாம் நிலை ஆன்டிபாடி. இதுவே கண்ட இடத்தில் ஒட்டக்கூடும். அதனால் முதல் ஆன்டிபாடி இல்லாமல் இதை மட்டும் போட்ட ஒரு மாதிரியும் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சுருக்கமாக, ஒரு சோதனையில் வரும் ‘இல்லை’ என்பதற்கு மூன்று பொருள் இருக்கலாம். புரதமே இல்லை, புரதம் இருக்கிறது ஆனால் எபிடோப் மறைந்திருக்கிறது, அல்லது எபிடோப் உள்ள துண்டு போய்விட்டது.

இரண்டு ஆன்டிபாடி, இரண்டு பதில்

முழு ஈ-கேட்ஹெரின் வெஸ்டர்ன் பிளாட்டில் ஏறக்குறைய 120 கிலோடால்டன் என்ற எடையில் ஒரு பட்டையாகத் தெரியும். கிலோடால்டன் என்பது மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு. உடலில் சில நொதிகள் இந்தப் புரதத்தைச் செல் உறைக்குச் சற்று வெளியே வெட்டுவதுண்டு. அப்போது சுமார் 80 கிலோடால்டன் வெளித்துண்டு கழன்று போகும், சுமார் 38 கிலோடால்டன் வால்துண்டு செல்லிலேயே தங்கும். செல்-கேம் 120/80 என்ற பழைய பெயரில் உள்ள எண்கள் முழுப் புரதத்தின் 120-உம் வெளித்துண்டின் 80-உம்தான்.

சரி, செல்களையும் அவை வளர்ந்த திரவத்தையும் சேர்த்து எடுத்த ஒரே மாதிரியை இரண்டு மாணவர்கள் சோதிக்கிறார்கள். ஒருவர் வெளிப்பகுதி ஆன்டிபாடியால் பார்த்து 120-உம் 80-உம் வந்தது என்கிறார். மற்றவர் வால்பகுதி ஆன்டிபாடியால் பார்த்து 120-உம் 38-உம் என்கிறார். இருவரும் சரி. 80-ஐத் ‘தேவையில்லாத பட்டை’ என்று வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைப் போடுபவர்கள், செல்லில் நடந்துகொண்டிருக்கும் ஒரு முக்கியமான விஷயத்தையே எறிந்துவிடுகிறார்கள்.

வால்பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. கேட்ஹெரின் குடும்பத்தில் என்-கேட்ஹெரின், பி-கேட்ஹெரின் என்று உறவினர்கள் இருக்கின்றனர். அவற்றின் வால்கள் ஒன்றுபோலவே இருக்கும். இதைப் பயன்படுத்தி எல்லாக் கேட்ஹெரின்களையும் ஒருசேரப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை வேண்டுமென்றே செய்கிறார்கள். ஈ-கேட்ஹெரினை மட்டும் தேடுபவருக்கு அந்த ஒற்றுமைதான் ஆபத்து. அதே இடத்தில் மச்சம் உள்ள உறவினரைப் பிடித்துவிட வாய்ப்பு அதிகம்.

நம்புவது எப்படி

புரதம் நிச்சயமாக இருக்கும் செல்லிலும், நிச்சயமாக இல்லாத செல்லிலும் ஒரே நாளில், ஒரே முறையில் சோதித்துப் பார்ப்பதுதான் தொடக்கம். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் ஈ-கேட்ஹெரின் நிறைய உண்டு. எம்டிஏ-எம்பி-231 செல்களில் கிடையாது. முதலாவதில் எல்லைக் கோடுகள் ஒளிர வேண்டும், இரண்டாவதில் இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு செல்களும் ஈ-கேட்ஹெரினில் மட்டுமா வேறுபடுகின்றன? ஆயிரம் விஷயங்களில் வேறுபடுகின்றன. அதனால் இதைவிட வலுவான சான்று வேண்டும்.

எம்சிஎஃப்-7 செல்லிலேயே சிடிஎச்1 மரபணுவை மட்டும் நீக்கிவிட்டுச் சோதிப்பது அப்படிப்பட்ட சான்று. சமிக்ஞை மறைந்தால் ஆன்டிபாடி சரியானதைத்தான் பிடித்தது. மறையாமல் இருந்தால் அது வேறெதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிர்த்திசையிலும் செய்யலாம். கேட்ஹெரின் இல்லாமல் தனித்தனியாகக் கிடக்கும் எலியின் எல் செல்களுக்குள் தாகெய்ச்சியின் குழு 1987-இல் ஈ-கேட்ஹெரின் மரபணுப் பிரதியைச் செலுத்தியது. செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. புரதம் வேலை செய்கிறது என்பதற்கு இது அழகான சான்று. ஆன்டிபாடியைச் சோதிக்கவும் இதே போன்ற இணை செல்கள் உதவும்.

ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை 2016-இல் ஒரு சர்வதேசப் பணிக்குழு முன்வைத்தது. மரபணுவை நீக்குவது அதில் ஒன்று. வெவ்வேறு எபிடோப்களைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே பதிலைத் தருகின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. சிறிய ஆய்வகங்களுக்குக் கைக்கெட்டும் வழி இதுதான் என்பேன். முக்கியமாக, ஒரு சோதனையில் தேறியது மற்றச் சோதனைக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வேட்டில் ‘ஈ-கேட்ஹெரின் ஆன்டிபாடி’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குளோன், அட்டவணை எண், தொகுதி எண், செல்களைப் பிரித்த முறை, பதப்படுத்திய முறை எல்லாம் இருந்தால்தான் இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியும்.

மார்பகத் திசுவில்

இவ்வளவும் ஆய்வக நுணுக்கம் என்று தோன்றலாம். இந்தப் புரதத்தை மருத்துவத்தில் அன்றாடம் சோதிக்கிறார்கள். அதற்கான ஆன்டிபாடிகளைத் தனியாகச் சரிபார்த்து வைத்திருப்பார்கள், ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் லோபுலர் என்ற வகை. இதில் செல்கள் ஒன்றையொன்று பற்றாமல், திசுவுக்குள் ஒற்றை வரிசையாக ஊடுருவிச் செல்லும். பெரும்பாலும் ஈ-கேட்ஹெரின் இல்லாமல் போனதே காரணம். அதனால் நோய்க்கூற்று மருத்துவர் வகை பிரிப்பதற்கு ஈ-கேட்ஹெரின் சாயம் ஏற்றிப் பார்ப்பார். புற்றுச் செல்களில் சாயம் இல்லை என்பது மட்டும் அவருக்குப் போதாது. அதே சீவலில் உள்ள இயல்பான பால் நாளச் செல்களில் சாயம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அங்கேயும் இல்லையென்றால் சோதனை தோற்றுவிட்டது என்று பொருள்.

இதைவிட நுட்பமான நிலை ஒன்று உண்டு. லோபுலர் புற்றுநோய்களில் ஒரு சிறு பங்கில் சாயம் ஏறவே செய்யும். மரபணுப் பிழையால் புரதம் பழுதாகியிருக்கும், பிடிமானம் இருக்காது, ஆனால் எபிடோப் உள்ள பகுதி மட்டும் தப்பியிருக்கும். ஆன்டிபாடி தன் வேலையைச் சரியாகச் செய்து அங்கே ஒட்டிக்கொள்ளும். ‘சாயம் ஏறியிருக்கிறது, ஆகவே இது லோபுலர் இல்லை’ என்று முடிவு கட்டினால் நோயின் வகையே மாறிவிடும். அதனால் செல்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்கும் கண்ணுக்கே முதலிடம். சந்தேகம் வந்தால் பி120 கேட்டனின் என்ற துணைப் புரதத்துக்கும் ஓர் ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பார்கள். ஈ-கேட்ஹெரினின் வால் அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை பி120 செல்லின் ஓரத்தில் கோடாக நிற்கும். பிடி விட்டுப்போனால் செல்லின் உட்பகுதி முழுவதும் பரவித் தெரியும்.